குளத்துப் பூச்சி சாட்சி சொல்லும்!

தண்ணீர் கண்ணாடி போல் தெளிவாக இருக்கிறது. வாடை இல்லை. நிறம் மாறவில்லை. கையில் அள்ளிப் பார்த்தால் ஒரு தூசி கூடத் தெரியவில்லை.

ஆனாலும் அந்தத் தண்ணீரில் விஷம் இருக்கலாம்!

வயலில் அடித்த பூச்சி மருந்து, மழைத் தண்ணீரோடு வாய்க்காலுக்கு வருகிறது. வாய்க்காலிலிருந்து குளத்துக்குப் போகிறது. அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மீன் செத்து மிதந்தால்தான் ஊருக்கு விஷயம் தெரிகிறது.

அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. அந்தக் குளத்தில் வாழும் பூச்சியைக் கேட்டால் போதும். பூச்சிக்குப் பேச வாய் இல்லை. ஆனால் அதன் உடம்பு பேசும். அதைக் கேட்கும் வித்தையை விஞ்ஞானிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த வித்தை ஆராய்ச்சிக் கூடத்தோடு நின்றுவிடக் கூடாது. ஏரி, குளம், வாய்க்கால்களைக் கண்காணிக்கும் அன்றாட வேலையில் அதுவும் சேர வேண்டும். அப்படிச் சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

தட்டான் பிறக்கும் இடம்

தட்டான் பூச்சியைத் துரத்தி ஓடாத பிள்ளைகள் கிராமத்தில் இல்லை. அந்தத் தட்டான் பிறப்பது எங்கே தெரியுமா?

தண்ணீரில்தான்!

தாய்த் தட்டான் தண்ணீரில் முட்டை இடுகிறது. குஞ்சு தண்ணீருக்குள்ளேயே வளர்கிறது. அப்போது அதற்குச் சிறகு இல்லை. கொசுப் புழுக்களைப் பிடித்துத் தின்கிறது. வளர்ந்த பிறகுதான் செடியைப் பற்றி மேலே ஏறி, தோலை உரித்துவிட்டுப் பறந்து போகிறது.

தட்டான் மட்டும் அல்ல. நீர்வண்டுகள் இருக்கின்றன. தண்ணீரின் மேல் கால் வைத்து ஓடும் பூச்சிகள் இருக்கின்றன. ஓடைகளில், மணலையும் குச்சியையும் ஒட்டித் தனக்குத் தானே கூடு கட்டிக்கொள்ளும் புழுக்கள் இருக்கின்றன.

குளத்துச் சேற்றைக் கிளறினால் சிவப்பாக நெளியும் சிறு புழுக்களைப் பார்க்கலாம். மனிதனின் இரத்தத்தைப் போலவே அவற்றின் உடம்பிலும் ஹீமோகுளோபின் இருக்கிறது. அதனால்தான் அந்தச் சிவப்பு. வளர்ந்ததும் அவை கொசுவைப் போன்ற பூச்சிகளாகின்றன. ஆனால் கடிப்பதில்லை. 'கைரோனோமஸ்' என்பது விஞ்ஞானிகள் அவற்றுக்கு வைத்த பெயர்.

இந்தப் பூச்சிகளும் புழுக்களும் யாருக்கு வேண்டும்?

மீனுக்கு வேண்டும்! அவைதான் மீன் குஞ்சுக்குச் சோறு.

1954 ஆம் ஆண்டில் கனடா நாட்டில் மிராமிச்சி ஆற்றுப் பகுதிக் காடுகளுக்கு விமானத்திலிருந்து டி.டி.டி. மருந்து தெளித்தார்கள். மரங்களைத் தின்னும் புழுக்களைக் கொல்வதற்காகத் தெளித்த மருந்து அது. இரண்டே நாளில் ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. ஆற்றுப் பூச்சிகளும் அழிந்தன. சாகாமல் தப்பிய மீன் குஞ்சுகளுக்கு இரை இல்லாமல் போயிற்று. ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்க அம்மையார் 1962 இல் எழுதிய 'மௌன வசந்தம்' என்ற புத்தகத்தின் மூலம் இந்தச் செய்தி உலகம் எங்கும் பரவியது.

பூச்சி போனால் மீனும் போகும். மீன் போனால் மீனவன் அடுப்பும் அணையும்.

கரும்பலகையும் துடைப்பானும்

பூச்சியின் உடம்பு எப்படிப் பேசுகிறது? அதைத் தெரிந்துகொள்ள, நரம்பு வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதுகிறார். பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். உடனே அதைத் துடைத்துவிட்டு அடுத்த கணக்கை எழுதுகிறார். துடைக்காமல் அதன் மேலேயே எழுதினால் என்ன ஆகும்? பலகை முழுவதும் கிறுக்கலாகிவிடும். யாருக்கும் எதுவும் புரியாது.

நரம்பிலும் இதே கதைதான். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி அனுப்ப, 'அசிட்டைல்கோலின்' என்ற ரசாயனப் பொருளை வெளிவிடுகிறது. அதுதான் பலகையில் எழுதும் எழுத்து. செய்தி போய்ச் சேர்ந்ததும் அதை அழித்துவிட வேண்டும். அழிப்பதற்கென்றே ஒரு என்சைம் இருக்கிறது. அதன் பெயர் 'அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ்'. பெயர் நீளம். 'துடைப்பான்' என்றே அதைச் சொல்லலாம்.

இந்தத் துடைப்பான் பூச்சிக்கும் உண்டு. மீனுக்கும் உண்டு. மனிதனுக்கும் உண்டு!

பூச்சி மருந்துகளில் ஒரு பெரிய கூட்டம் இந்தத் துடைப்பானைத்தான் தாக்குகிறது. குளோர்பைரிபாஸ், மாலத்தியான், மோனோகுரோட்டோபாஸ் ஆகியவை ஒரு வகை. கார்பரில், கார்போஃபியூரான் ஆகியவை இன்னொரு வகை. இவை உடம்புக்குள் போய்த் துடைப்பானின் கையைக் கட்டிப் போடுகின்றன. எழுத்து அழிவதில்லை. நரம்பு ஓயாமல் கட்டளை இட்டுக்கொண்டே இருக்கிறது. உடம்பு துடிக்கிறது; நடுங்குகிறது. கடைசியில் உயிர் போகிறது.

கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற ஜெர்மன் ரசாயன விஞ்ஞானி 1930களில் பூச்சி மருந்து தேடினார். தேடிய இடத்தில் அவர் கையில் கிடைத்தது, மனிதனைக் கொல்லும் நரம்பு விஷ வாயு! அதே ஆராய்ச்சியில்தான் பின்னால் 'பராத்தியான்' என்ற பூச்சி மருந்தும் பிறந்தது. கிராமங்களில் 'பாலிடால்' என்று பேசப்பட்டது அந்தக் குடும்பத்து மருந்துதான்.

பூச்சியைக் கொல்வதும் மனிதனைக் கொல்வதும் ஒரே வழியில் நடக்கிறது. அளவுதான் வித்தியாசம்.

மஞ்சள் நிறம் சொல்லும் சேதி

துடைப்பான் வேலை செய்கிறதா, கட்டுண்டு கிடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1961 ஆம் ஆண்டில் எல்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் எளிய வழியைச் சொன்னார்கள். இன்றைக்கும் உலகம் முழுவதும் அந்த வழியைத்தான் பெரிதும் பின்பற்றுகிறார்கள்.

குளத்தில் பிடித்த சிறு புழுக்களை உடனே பனிக்கட்டியில் வைக்க வேண்டும். பிறகு அவற்றை அரைத்துச் சாறு எடுக்க வேண்டும். துடைப்பானுக்கு இரையாகும் ஒரு பொருளையும், நிறம் காட்டும் ஒரு பொருளையும் அந்தச் சாற்றில் சேர்க்க வேண்டும்.

துடைப்பான் நன்றாக வேலை செய்தால் சாறு மளமளவென்று மஞ்சள் நிறமாகிறது. துடைப்பான் கட்டுண்டு கிடந்தால் மஞ்சள் மெதுவாகத்தான் ஏறுகிறது. நிறம் ஏறும் வேகத்தை ஒரு சிறு கருவி அளந்து சொல்கிறது. அந்தக் கருவி கல்லூரி ஆய்வுக் கூடங்களில் இருப்பதுதான்.

சுத்தமான தண்ணீரில் பிடித்த அதே இனத்துப் புழுவையும் இப்படிச் சோதிக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை வெளியே வந்துவிடும்.

இதில் ஒரு முக்கிய விஷயம் உண்டு. புழு செத்திருக்க வேண்டியதில்லை! அது ஓடிக்கொண்டிருக்கலாம்; தின்றுகொண்டிருக்கலாம். பார்ப்பதற்கு நோய் நொடி இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதன் உடம்பில் விஷம் கை வைத்துவிட்டதா என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பாட்டில் தண்ணீர் போதாதா?

"தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் போதாதா? புழுவை ஏன் தேட வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம்.

கேள்வி நியாயமானதே. பாட்டில் தண்ணீரும் வேண்டும்தான். ஆனால் அது மட்டும் போதாது.

பாட்டில், தண்ணீர் பிடித்த அந்த ஒரு நிமிஷத்தின் கதையைத்தான் சொல்லும். மருந்து அடித்த மறுநாள் மழை பெய்கிறது. விஷம் ஒரே வீச்சில் வாய்க்காலில் பாய்ந்து, சில மணி நேரத்தில் கடந்து போய்விடுகிறது. அடுத்த வாரம் அதிகாரி வந்து தண்ணீர் பிடித்தால் என்ன கிடைக்கும்? சுத்தமான தண்ணீர் கிடைக்கும்!

ஜெர்மனியில் 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் விவசாயப் பகுதிகளின் சிற்றோடைகளில் 100க்கு மேற்பட்ட இடங்களை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். மழை பெய்து ஓடையில் தண்ணீர் மட்டம் உயர்ந்தவுடன், தானாகவே தண்ணீர் பிடிக்கும் கருவிகளை வைத்தார்கள். முடிவு என்ன? சுமார் 80 சதவீத ஓடைகளில் ஏதாவது ஒரு பூச்சி மருந்தாவது அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. வழக்கப்படி நாள் குறித்துப் போய்ப் பிடித்த தண்ணீரில் இந்த அபாயம் மிகக் குறைவாகவே தெரிந்தது.

ஜெர்மனி போன்ற பணக்கார நாடு அத்தனை கருவிகளை வைக்க முடியும். எல்லா ஊர்களிலும் அது நடக்குமா?

புழுவோ இரவும் பகலும் அங்கேயே இருக்கிறது. சம்பளம் கேட்பதில்லை. விடுமுறை எடுப்பதில்லை. விஷ வெள்ளம் வந்தபோதும் அது தண்ணீரில்தான் இருந்தது. குளோர்பைரிபாஸ் வகை மருந்து துடைப்பானைக் கட்டினால், அந்தக் கட்டு எளிதில் அவிழ்வதில்லை. உடம்பு புதிய துடைப்பானை உண்டாக்கும் வரை பல நாட்கள் அடையாளம் நிற்கிறது. தண்ணீரிலிருந்து விஷம் மறைந்த பிறகும் சாட்சி மறைவதில்லை!

குடிநீர் அளவு வேறு, குளத்து அளவு வேறு

சட்டத்தின் அளவுகோல் என்ன சொல்கிறது?

ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்குக்குப் பெயர் மைக்ரோகிராம். 2012 இல் வெளியான இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி, ஒரு லிட்டர் தண்ணீரில் குளோர்பைரிபாஸ் 30 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். அது மனிதன் குடிப்பதற்கு வகுத்த அளவு.

நீரில் வாழும் உயிர்களுக்காக 1986 இல் அமெரிக்கா ஓர் அளவு வகுத்தது. கொஞ்ச நேரம் இருந்தால் கூட, ஒரு லிட்டரில் 0.083 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அந்த அளவு.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 360 மடங்கு! "குடிக்கத் தகுந்த தண்ணீர்தான்" என்று சான்று பெற்ற தண்ணீரிலும் பூச்சி வாழ முடியாமல் போகலாம்.

இந்தியாவில் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் தண்ணீரை உபயோகத்துக்கு ஏற்ப வகை பிரித்திருக்கிறது. மீன் வளர்ப்புக்கும் வனவிலங்குக்கும் உரிய வகைக்கு அந்த அட்டவணை மூன்றே விஷயங்களைக் கேட்கிறது. தண்ணீரின் கார, அமிலத் தன்மை ஒன்று. கரைந்துள்ள ஆக்சிஜன் இன்னொன்று. அம்மோனியா மற்றொன்று. அந்த வரிசையில் பூச்சி மருந்து இல்லை.

வாரியம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சில இடங்களில் பூச்சி மருந்தையும் சோதிப்பது உண்டு. நீர்ப் பூச்சிகளில் எந்தெந்தக் குடும்பம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, தண்ணீரின் நலத்தை மதிப்பிடும் முறையையும் வாரியம் வகுத்திருக்கிறது. அது நல்ல முறை.

ஆனால் எண்ணிப் பார்ப்பது, செத்தவர் கணக்கை எடுப்பது போல. எந்தப் பூச்சி காணாமல் போயிற்று என்பது அதில் தெரியும். உயிரோடு இருக்கும் பூச்சி நோயாளியா என்பது தெரியாது. அதைச் சொல்வது துடைப்பான் பரிசோதனைதான். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் நாடி பார்ப்பார்களா, செத்த பிறகு கணக்கு எழுதுவார்களா?

மனிதனுக்கும் இதே பரிசோதனை!

"பூச்சிக்காக இத்தனை பாடா?" என்று யாரும் சிரிக்க வேண்டாம். இது பூச்சியோடு நிற்கிற விஷயம் அல்ல.

1958 இல் கேரளத்தில் கோதுமை மாவில் பராத்தியான் கலந்துவிட்டது. அதைத் தின்ற 100 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் 1968 இல் பூச்சி மருந்துகளுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் பிறந்தது. 2013 இல் பீகாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சாப்பாட்டில் கலந்திருந்த விஷம் மோனோகுரோட்டோபாஸ். அந்தப் பிஞ்சு உடம்புகளில் அது கட்டிப் போட்டது இதே துடைப்பானைத்தான்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1974 முதல் ஒரு விதி இருக்கிறது. கடுமையான பூச்சி மருந்துகளைத் தொடர்ந்து கையாளும் தொழிலாளியின் இரத்தத்தை எடுத்துத் துடைப்பான் அளவைப் பார்க்க வேண்டும். வழக்கமான அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், அவர் வேலை செய்யும் முறையில் என்ன கோளாறு என்று ஆராய வேண்டும். சிவப்பணுக்களில் 70 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால், அந்த வேலையிலிருந்து அவரை விலக்கி வைக்க வேண்டும். உடம்பு தேறிய பிறகுதான் அவர் திரும்பி வரலாம்.

தொழிலாளிக்கு நோய் வரும் வரை காத்திருக்கவில்லை. முன்னாலேயே எச்சரிக்கை கிடைக்கிறது.

குளத்துக்கும் அப்படி ஒரு எச்சரிக்கை வேண்டாமா? அந்தக் குளத்தில்தான் பிள்ளைகள் குளிக்கிறார்கள். மாடு தண்ணீர் குடிக்கிறது. அந்த மீனைத்தான் குழம்பு வைக்கிறார்கள்.

குறைகளும் உண்டு

இந்தப் பரிசோதனை சர்வரோக நிவாரணி அல்ல. அதன் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும்.

எல்லா விஷத்தையும் இது பிடிக்காது. டி.டி.டி. இதில் அகப்படாது. மிராமிச்சி ஆற்றில் இந்தப் பரிசோதனையைச் செய்திருந்தாலும் பயன் இருந்திராது. இமிடாகுளோபிரிட் போன்ற புதிய மருந்துகளும் வேறு வழியில் நரம்பைத் தாக்குகின்றன. அவையும் இதில் தப்பிவிடும். கார்பரில் வகை மருந்து போட்ட கட்டு விரைவில் அவிழ்ந்துவிடுகிறது. அதனால் அதன் அடையாளம் நெடுநாள் நிற்பதில்லை.

வெயில், குளிர், புழுவின் வயது, அதன் இனம் ஆகியவற்றைப் பொறுத்தும் துடைப்பான் அளவு மாறும். கண்ட புழுவைக் கண்ட புழுவோடு ஒப்பிடக் கூடாது. எந்த மருந்து வந்தது, எவ்வளவு வந்தது என்றும் இது சொல்லாது. அதற்குத் தண்ணீரைத்தான் சோதிக்க வேண்டும்.

ஆனால் எந்த வாய்க்காலில் தேட வேண்டும் என்று வழி காட்டுவது பெரிய உதவி அல்லவா? துப்பு கிடைத்தால் திருடனைப் பிடிப்பது சுலபம்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில், காலம் அறிந்து சோதிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை ஏதோ ஒரு நாளில் போனால் பயன் இல்லை. மருந்து அடிக்கும் பருவத்திலும், அதை அடுத்து வரும் முதல் மழையிலும் சோதிக்க வேண்டும்.

இரண்டாவதாக, கல்லூரிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். விலங்கியல், ரசாயன மாணவர்கள் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு ஆராய்ச்சி செய்கிறார்கள். பக்கத்து ஏரியையே அவர்கள் ஆராயலாமே! சுத்தமான தண்ணீரில் வளர்த்த புழுக்களை ஒரு சல்லடைக் கூண்டில் போட்டுச் சில நாள் ஏரியில் இறக்கி வைக்கலாம். பிறகு எடுத்துச் சோதிக்கலாம். வயதும் இனமும் ஒன்றாக இருப்பதால் ஒப்பிடுவது சுலபம். வெளிநாடுகளில் இப்படிச் செய்கிறார்கள்.

மூன்றாவதாக, முடிவை ஊர் மக்களுக்குச் சொல்ல வேண்டும். அறிக்கை அலமாரியில் தூங்கக் கூடாது. பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எல்லாருக்கும் புரியும்படி எழுதிப் போட வேண்டும்.

நான்காவதாக, விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தக் கூடாது. மருந்து அடிக்கும்போது அதை முதலில் மூச்சில் இழுப்பவர் அவர்தான். பயிர் போனால் கடனில் மூழ்குபவரும் அவர்தான். குளத்துப் புழுவின் துடைப்பான் குறைந்தால், அது விவசாயியின் குடும்பத்துக்கே வந்த எச்சரிக்கை. அபராதச் சீட்டை நீட்டுவதால் பயன் இல்லை. எந்த மருந்து வேண்டாம், எவ்வளவு குறைக்கலாம், மழைக்கு முன் ஏன் அடிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கும் ஆள்தான் அந்த ஊருக்கு வர வேண்டும்.

"விஷ மருந்துகளைத் தடை செய்தால் முடிந்தது, பரிசோதனை எதற்கு?" என்றும் சிலர் சொல்வார்கள். ஐரோப்பிய நாடுகள் 2020 இல் குளோர்பைரிபாஸுக்குக் கொடுத்த அனுமதியை நிறுத்தின. 2025 மே மாதம் உலக நாடுகள் கூடி, ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின்படி ஒழிக்க வேண்டிய பட்டியலில் அதைச் சேர்த்தன. ஆனால் சில உபயோகங்களுக்கு விலக்கும் கொடுத்தன. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று இந்தியா 2005 இலேயே சொல்லிவிட்டது. அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் பீகார்க் குழந்தைகள் செத்தார்கள்.

தடை என்பது காகிதத்தில் உள்ள எழுத்து. அது வயலில் நடக்கிறதா என்று யார் பார்ப்பது? வாய்க்காலில் வாழும் பூச்சிதான் பார்க்கிறது!

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அடுப்படியில் நிற்கும் பெண்மணி பானையைக் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறாள். முழுப் பானையின் நிலையும் தெரிந்துவிடுகிறது.

ஏரிக்கும் குளத்துக்கும் அந்தப் பருக்கை சேற்றில் நெளியும் சிவப்புப் புழுதான். அதை எடுத்துப் பார்க்க ஆள் வேண்டும். மீன் செத்து மிதந்த பிறகு அல்ல. அதற்கு முன்பே வேண்டும்.